ஊமைச் சாராயம்

“தம்பி, நல்ல விஸ்கின்னா தொண்டைக்கே தெரியாம இறங்கணும். இது என்ன, சாம்பலைக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு!” என்று சொல்லி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த நண்பர் ஒருவர் நான் நீட்டிய கோப்பையை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தார். கோப்பையில் இருந்தது லகவூலின் 16; ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடித்த, புகைமணம் தூக்கலான விஸ்கி. அதை ஊற்றும்போது ஐலா தீவைப் பற்றியும் அதன் புகையைப் பற்றியும் நான் நிகழ்த்திய சிற்றுரை வீணாய்ப் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் ‘தெரியாமல் இறங்க வேண்டும்’ என்ற அந்த ஒரு வாக்கியம், செருப்புக்குள் புகுந்த சிறுகல்லைப் போல அன்று இரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தெரியாமல் இறங்குவதற்காகவா இத்தனை நாடுகளில் இத்தனை ஆண்டுகள் இத்தனை பேர் பார்லியை முளைக்கவைத்து, வடித்து, பீப்பாயில் பூட்டிக் காத்திருந்தார்கள்? தெரியக்கூடாது என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகலாமே என்று நாக்கின் நுனிவரை வந்தது. வயதில் மூத்தவர் என்பதால் விழுங்கிவிட்டேன். விழுங்கிய அந்தப் பதில்தான் இப்போது கட்டுரையாக வருகிறது. ஆனால் அன்று நான் சொல்ல நினைத்த வடிவத்தில் வரவில்லை.

அன்று மேசையில் ஐந்து புட்டிகள் இருந்தன. நான்கு என்னுடையவை: அயர்லாந்தின் ரெட்பிரெஸ்ட் 12, லகவூலின் 16, அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து வரும் பர்பன் விஸ்கியான வைல்ட் டர்க்கி 101, ஜப்பானின் யோய்ச்சி. ஐந்தாவது அவர் கொண்டுவந்தது; வயது எண் பெரிதாகப் பொறித்த, பல வடிசாலைகளின் விஸ்கியைக் கலந்த ஒரு ஸ்காட்டிஷ் பிளெண்டட் விஸ்கி. முப்பது ஆண்டுகளாக அவர் கை அந்த ஒரு புட்டியைத் தவிர வேறு எதையும் தேடியதில்லை. நான் ஒவ்வொன்றாக ஊற்றித் தர, அவர் ஒரு மிடறு அருந்தி, முகத்தைச் சுளித்து, தன் கோப்பைக்கே திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய புட்டியிலிருந்து எனக்கும் ஒரு பங்கு ஊற்றினார். மரியாதைக்குக் குடித்தேன். உண்மையைச் சொன்னால், அதில் எதையும் கவனிக்க நான் முயலவே இல்லை.

எரிவது எது?

‘தெரிவது’ என்று நண்பர் சொன்னதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. முதலாவது எரிச்சல். எத்தனால், மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. உடலின் இயல்பான வெப்பமே சூடாகத் தோன்றும்படி அதன் வரம்பைக் கீழே இறக்கிவிடுகிறது. ஆகவே நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் தொண்டையில் சிறிதாவது எரியத்தான் செய்யும். இரண்டாவது, ஆல்கஹாலோடு சேர்ந்து வரும் மற்ற எல்லாம்: தானியத்தின் எண்ணெய்ப்பசை, ஈஸ்ட் உண்டாக்கிய பழ வாசனை, புகை, மரத்தின் துவர்ப்பு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் ‘கடுமை’ என்று கணக்கெழுதிவிட்டு, இரண்டும் இல்லாததை ‘ஸ்மூத்’ என்று புகழ்வதுதான் வழக்கமாக நடக்கிறது. துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி அதற்கொரு பெயரும் வைத்திருக்கும் மொழியைப் பேசுகிற நாமும் அதை எரிச்சலோடு போட்டுக் குழப்பிக்கொள்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

வடிப்பவரின் கைத்திறன் பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. செப்புக் கலத்தில் இரண்டாவது முறை வடிக்கும்போது முதலில் வருவது ‘தலை’. அதில் மூக்கைக் குத்தும் இலேசான சேர்மங்கள் மிகுதி. கடைசியில் வருவது ‘வால்’. அது கனத்தது, எண்ணெய்ப்பசை மிகுந்தது, ஈரத்துணியின் வாடை கொண்டது. இடையில் வரும் ‘நடு’வை மட்டும் எடுத்துப் பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள். நடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. ஒரு வடிசாலையின் குணம் பெரும்பாலும் அந்த இரு வெட்டுகளில் தீர்மானமாகிவிடுகிறது. பார்லியை உலர்த்தும்போது அதில் ஏறும் புகையின் கூறுகளான ஃபீனால்கள் கனமானவை. அவை வடிப்பின் பிற்பகுதியில்தான் திரளாக வருகின்றன. ஆகவே ஐலாவின் புகை வேண்டும் என்பவர், வாலின் அழுக்குக்குச் சற்று அருகில் வரை போகத் துணிய வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் தூய்மை கிடைக்கும், புகை குறைந்துவிடும்.

வடிகலத்தின் செம்பும் இதே வேலையைச் செய்கிறது. ஆவி செம்பில் எவ்வளவு நேரம் உரசுகிறதோ அவ்வளவுக்குக் கந்தகச் சேர்மங்கள் குறையும். பெரும்பாலான வடிசாலைகள் இன்று குழாய்க் கட்டுகளில் ஆவியைக் குளிர்விக்கின்றன. அங்கே செம்பின் பரப்பு அதிகம். மோர்ட்லக், கிரெய்கெல்லக்கி, டாலிஸ்கர் போன்ற சில இடங்களில் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பழைய சுருள்குழாயை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். செம்போடு உரசல் குறைவதால் அவற்றின் சாராயம் தடிப்பாக, இறைச்சிச் சாற்றின் கனத்தோடு வருகிறது. அதைக் குறை என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கனத்துக்காகவே, விஸ்கிகளைக் கலக்கும் பிளெண்டர்கள் அவற்றைத் தேடி வாங்குவதும் உண்டு.

மூன்று முறை வடித்தவர்கள்

அயர்லாந்தின் விஸ்கி என்றால் மும்முறை வடித்தது, ஆகவே மென்மையானது என்ற ஒரு கதை புட்டியின் சீட்டிலேயே அச்சாகி வருகிறது. நண்பருக்கு ரெட்பிரெஸ்ட்டை ஊற்றும்போது நானும் அதே கதையை நம்பித்தான் ஊற்றினேன். அவருக்குப் பிடிக்கும் என்று உறுதியாக இருந்தேன். அவர் சொன்னது: “மெதுவாத்தான் இருக்கு. ஆனா வாய் பூரா ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்குது.” குறையாகச் சொன்னார். நான் கேட்ட மிகத் துல்லியமான சுவைக்குறிப்பு அதுதான். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்து, செப்புக் கலத்தில் வடிப்பது அயர்லாந்தின் தனி மரபு. 1785இல் முளைகட்டிய பார்லிக்கு வரி விதிக்கப்பட்டபோது, வரியைக் குறைக்கும் தந்திரமாகப் பச்சைப் பார்லியின் பங்கு பெருகியது என்பார்கள். வரிக்குப் பயந்து சேர்த்தது நாக்கில் நிலைத்துவிட்டது. அந்தப் பச்சைப் பார்லிதான் வெண்ணெய்போல் வாயில் படியும் பசையையும், அடியில் மெல்லிய காரத்தையும் தருகிறது. மும்முறை வடித்து அழுக்கை நீக்கிய அதே மனிதர்கள், ஒட்டிக்கொள்ளும் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே விட்டிருக்கிறார்கள்.

அயர்லாந்தைப் பற்றிப் பேசும்போது ஈனியஸ் காஃபியைத் தாண்டிப்போக முடியாது. சுங்க வரி அதிகாரியாக இருந்த அவர், தொடர்ந்து வடித்துக்கொண்டே இருக்கும் தூண் வடிகலத்துக்கு 1830இல் காப்புரிமை பெற்றார். கலம் கலமாக வடிப்பதில் கிடைக்கும் சாராயத்தைவிட மிக வலுவானதையும், மிகத் தூயதையும், மிக மலிவானதையும் அது தந்தது. டப்ளினின் பெரிய வடிப்பாளர்கள் அதை விஸ்கி என்றே ஏற்க மறுத்தார்கள். அதிலிருந்து வருவதற்கு அவர்கள் வைத்த இளப்பமான பெயரைத் தமிழில் ‘ஊமைச் சாராயம்’ என்று சொல்லலாம்: தானியத்தைப் பற்றியோ, ஊரைப் பற்றியோ எதுவும் பேசாத சாராயம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. காஃபியின் கலத்தில் வடித்த தானிய விஸ்கியோடு பல வடிசாலைகள் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த மால்ட் விஸ்கியைக் கலந்து, மூர்க்கம் குறைந்த, எல்லா நாக்குக்கும் ஒத்துப்போகிற ஒரு பானத்தை உண்டாக்கி உலகமெங்கும் விற்றார்கள். தானிய விஸ்கியையும் விஸ்கி என்று அழைக்கலாமா என்ற வழக்கு லண்டனில் அரச ஆணையம் வரை போய், 1909இல் அழைக்கலாம் என்று முடிந்தது. ஐரிஷ்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பால் ஸ்காட்லாந்து வளர்ந்தது. அயர்லாந்திலோ பல காரணங்கள் சேர்ந்து, 1970களில் மிடில்டன், புஷ்மில்ஸ் என்று இரண்டே வடிசாலைகள் மிஞ்சின.

நண்பரின் புட்டி அந்த ஸ்காட்டிஷ் கலவையின் நேர் வாரிசு. ‘தொண்டைக்குத் தெரியாமல்’ என்று அவர் சொன்னபோது டப்ளின் வடிப்பாளர்களின் அந்த வசைச்சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளாக ஊமைச் சாராயத்தைக் குடித்துவிட்டு, பேசுகிற விஸ்கியைப் பார்த்துச் சத்தம் போடுகிறது என்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கு மறுநாள் காலைவரைதான் ஆயுள்.

புகைக்காகப் பிரிந்தவர்கள்

எனக்கும் நண்பருக்கும் நடந்த இந்தச் சண்டை ஜப்பானில் ஏற்கெனவே ஒரு முறை பெரிய அளவில் நடந்து முடிந்தது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மசாதகா தகேத்சுரு என்ற இளைஞர் 1918இல் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய், கிளாஸ்கோவில் வேதியியல் படித்து, வடிசாலைகளில் வேலை பழகி, குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு, ரீட்டா கோவன் என்ற ஸ்காட்டிஷ் பெண்ணை மணந்து திரும்பினார். ஷின்ஜிரோ தோரி என்ற வணிகர் 1923இல் யமசாகியில் வடிசாலை தொடங்கியபோது அவரை வேலைக்கு அமர்த்தினார். 1929இல் அங்கிருந்து வந்த முதல் விஸ்கி விற்கவில்லை. புகை நெடி தாங்கவில்லை என்றார்கள். தன் நாட்டு மக்களின் நாக்குக்கு இணக்கமான மென்மையை நோக்கிப் போக வேண்டும் என்பது தோரியின் எண்ணம். தான் ஸ்காட்லாந்தில் கற்றதை விட்டுக்கொடுக்கத் தகேத்சுருவுக்கு மனமில்லை. 1934இல் அவர் வடக்கே, ஹொக்கைடோவின் குளிரில், கடலுக்கு அருகில் யோய்ச்சியில் சொந்த வடிசாலையை நிறுவினார். கலத்துக்கு அடியில் நேராக நிலக்கரியை எரித்து வடிக்கும் பழைய முறையை அங்கே இன்றும் கைவிடவில்லை. யோய்ச்சியை முகர்ந்தால் முதலில் ஆப்பிளும், பின்னால் கடற்காற்றும், அதற்கும் பின்னால் அணைந்த கரியும் வருகின்றன. யமசாகியில் எல்லாம் மெருகேறி, ஒன்றின்மேல் ஒன்று பட்டுத்துணிபோல் வழுக்கிச் செல்கிறது.

இதில் தகேத்சுருவின் பக்கம் நின்று பேசுவதே எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். பிடிவாதக்காரரின் கதைதானே கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜப்பான் விஸ்கியை உலகம் திரும்பிப் பார்த்ததில் தோரியின் மென்மைக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒரு வடிசாலைக்கு வேறு வகை மால்ட் வேண்டுமென்றால் அண்டை வடிசாலையிடம் மாற்றிக்கொள்ளும். ஜப்பானின் போட்டி நிறுவனங்களுக்கிடையே அந்த வழக்கம் வேரூன்றவில்லை. ஆகவே ஒரே கூரைக்குக் கீழ் பல வடிவக் கலங்களையும், பல ஈஸ்ட்டுகளையும், பலவகை மரப் பீப்பாய்களையும் வைத்து, கலப்பதற்கு வேண்டிய அத்தனை குரல்களையும் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். மென்மைக்காக இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை அன்று மேசையில் நான் நண்பரிடம் சொல்லவில்லை. என் கட்சிக்கு அது உதவாது.

வைல்ட் டர்க்கியின் முறை வந்தபோது நண்பர் உண்மையிலேயே இருமிவிட்டார். 50.5 விழுக்காடு, பிழை என்னுடையதுதான், ராவாகக் கொடுத்திருக்கக் கூடாது. பர்பனின் கதை பெரும்பாலும் மரத்தின் கதை. தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு சோளம் இருக்க வேண்டும், வடித்தது 62.5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் பீப்பாய்க்குள் போக வேண்டும். பீப்பாய் புதிய ஓக்காக இருக்க வேண்டும், உட்புறம் கருக்கியிருக்க வேண்டும். புதிய மரம் என்ற ஒரே விதி அதன் குணத்தை எழுதிவிடுகிறது. தீ பட்ட ஓக்கின் சர்க்கரைகள் கருகி இனிக்கின்றன. மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் சிதைந்து வனிலா வாசனை பிறக்கிறது. கரிப்படலம் கந்தகத்தை உறிஞ்சுகிறது. கென்டக்கியின் கோடையும் குளிரும் சாராயத்தை மரத்துக்குள் தள்ளி வெளியே இழுக்கின்றன. ஒருமுறை பயன்படுத்திய அந்தப் பீப்பாய் அடுத்த பர்பனுக்கு ஆகாது. அதனால் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் போய் அங்கே பல பத்தாண்டுகள் உழைக்கிறது. அன்று மேசையில் இருந்த ஏனைய புட்டிகளிலும் பர்பன் பீப்பாயின் மிச்சம் எங்கோ ஒளிந்திருந்திருக்கும். நண்பரின் தேன்போன்ற கலவையிலும்கூட.

வயது எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புட்டியில் உள்ள எண், அதில் கலந்தவற்றுள் இளையதன் வயதைத்தான் குறிக்கிறது. மேலும், காலம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் மரத்துக்குள் வேலை செய்வதில்லை. ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு விழுக்காடு ஆவியாகிப் போகிறது. பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் அது பத்து விழுக்காட்டையும் தாண்டுகிறது. அங்கே நான்கைந்து ஆண்டில் வாய்க்கும் கனத்துக்கு ஸ்காட்லாந்தின் குளிரில் அதைப்போல் பல மடங்கு காத்திருக்க வேண்டும். அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே வடிசாலையில் வடித்த மால்ட் விஸ்கியை, 2004இல் கிளாஸ்கோவில்தான் முதலில் விற்பனைக்கு வைத்தது என்பது எனக்குப் பிடித்த குறும்பு.

மறுநாள் காலை

நண்பர் என் வீட்டிலேயே தங்கிவிட்டார். கோப்பைகளைக் கழுவாமல் படுத்துவிட்டோம். விடிந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். வடிசாலைக்காரர்கள் காலிக் கோப்பையை முகர்ந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆல்கஹால் பறந்துபோன பிறகு, பறக்க முடியாத கனமானவை மட்டும் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும். எரிச்சல் முழுவதும் நீங்கிய விஸ்கி என்று அதைச் சொல்லலாம். நண்பர் கேட்டதில் பாதி அதுதானே என்று நினைத்துக்கொண்டு, பல் துலக்குவதற்கும் முன்பே ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன்.

லகவூலினில் எதிர்பார்த்ததுதான் இருந்தது: மழையில் நனைந்து பிறகு காய்ந்த கரி, அயோடின், சற்றுத் தாமதித்து ஏதோ உலர்பழம். பர்பன் கோப்பை, புதிதாக இழைத்த மரப்பலகையின்மேல் சர்க்கரைப் பாகு சிந்தியதுபோல் இருந்தது. ரெட்பிரெஸ்ட் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வைக்கோலும் திராட்சையும் மட்டும் எஞ்சியிருந்தன. யோய்ச்சி அணைந்த அடுப்பு. ஐந்தாவதாக நண்பரின் கோப்பை. அதை எடுத்தபோது என் மனத்தில் இருந்தது ஆவல் அன்று. தீர்ப்பை எழுதி முடித்துக் கையெழுத்து மட்டும் பாக்கி வைத்திருந்தவனின் அலட்சியம். முகர்ந்தேன். தேன்மெழுகு. அதன் கீழே பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை. இன்னும் கீழே, கோப்பையைக் கையில் வைத்துச் சூடாக்கியபோது, மிகமிக மெல்லிய, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத புகை. மறுபடியும் முகர்ந்தேன். லகவூலினைக் கையில் பிடித்த விரலின் வாசனையாக இருக்குமோ என்று எண்ணி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மூன்றாம் முறையும் முகர்ந்தேன். புகை அங்கேயேதான் இருந்தது.

யாரோ ஒரு பிளெண்டர் அதை அங்கே வைத்திருக்கிறார். பல மால்ட்டுகளுக்கும் தானிய விஸ்கிக்கும் நடுவே புகைமணம் கொண்ட ஒன்றை, தனியாகத் தெரியாத அளவில், எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றும் அளவில் சேர்த்திருக்கிறார். சாம்பல் என்று சொல்லி நண்பர் தள்ளிவைத்ததன் உறவினரை முப்பது ஆண்டுகளாக அவரே விரும்பிக் குடித்துவந்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்த உற்சாகம் அடங்குவதற்குள் அதன் மறுபாதியும் உறைத்தது: அதே புட்டியிலிருந்து முந்தின இரவு நானும்தான் குடித்தேன். புகையைப் பற்றிச் சிற்றுரை ஆற்றிய எனக்கு அது தெரியவில்லை. ஊமைவெயில் என்கிறோம், மேகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு தோலைக் காய்ச்சும் வெயில் அது. ஊமைக்காயம் வெளியே தெரியாது, உள்ளே வலிக்கும். தமிழில் ‘ஊமை’ என்ற முன்னொட்டு, இல்லாததைச் சொல்வதற்கு வந்ததில்லை. டப்ளின்காரர்களின் வசைச்சொல்லை எடுத்து நண்பர்மீது எறிந்தபோது, நான் பேசும் மொழியில் அது என்ன பொருள் தருகிறது என்பதையே எண்ணிப் பார்க்காமல் போனேன்.

இதனால் நண்பர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். தெரியாமல் இறங்குவதை அளவுகோலாக வைத்தால், அந்தப் பிளெண்டரின் வேலையையும் சேர்த்துத்தான் தொலைக்கிறோம். ஆனால் கத்துகிற விஸ்கியைக் கேட்பதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை என்பதையும் அன்று காலை ஒப்புக்கொண்டேன். இப்போதெல்லாம் வலுவான விஸ்கியில் சில துளித் தண்ணீர் விடுகிறேன். அது அவமதிப்பு என்று ஒரு காலத்தில் வாதிட்டவன் நான். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் என்ற இருவர் 2017இல் கணினியில் உருவகித்துப் பார்த்தபோது, புகைமணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு 59 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கடுஞ்சாராயத்தில் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளே அமிழ்ந்துகிடப்பதையும், 45 விழுக்காடும் அதற்குக் கீழும் நீர்த்தபோது மேற்பரப்பில், மூக்குக்கு அருகே வந்து நிற்பதையும் கண்டார்கள். தண்ணீர் விட்டால் மணம் கெடும் என்று நினைத்திருந்த எனக்கு இது சற்று வெட்கமாகவே இருந்தது.

நண்பர் எழுந்து வந்தபோது அவருடைய கோப்பையை மட்டும் நீட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் முகர்ந்தார். கோப்பையைத் திருப்பி, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். மறுபடியும் மூக்கருகே கொண்டுபோய் இந்த முறை நீண்டநேரம் வைத்திருந்தார்.

“இது எதோட கோப்பை, தம்பி? நேத்து இதை நீ எனக்குக் குடுக்கவே இல்லையே.”